சாத்தானைத் தூண்டியது யார்?

பாஸ்கா இரவில் எங்கள் ஊர்க் கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். வாசலில் மூட்டிய தீயிலிருந்து பெரிய பாஸ்கா திரியை ஏற்றி உள்ளே கொண்டுவருவார்கள். அந்த ஒரு சுடர் ஆளுக்கு ஆள் கைமாறிக் கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்க மெழுகுதிரி வெளிச்சமாகிவிடும். மெழுகு கையில் வழியாமலிருக்கத் திரியில் ஒரு காகித வட்டத்தைச் செருகித் தருவார்கள். அப்படியும் வழியும். விரலில் விழுந்த மெழுகு ஆறி வெள்ளையாக உறைகிற நேரத்தில்தான் சாமியார் அந்தக் கேள்வியைக் கேட்பார்: சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?

நானூறு ஐந்நூறு பேர் சேர்ந்து "விட்டுவிடுகிறேன்" என்போம். அத்தனை பேர் ஒரே குரலில் சொன்னாலும் "விட்டுவிடுகிறோம்" என்று வராது. ஒவ்வொருவரும் தனக்காக மட்டும் சொல்கிற சொல் அது. என் பக்கத்தில் நிற்கும் ஆச்சி, மற்றவர்கள் முடித்த பிறகு இன்னொரு தரம் தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஆச்சி வாயில் சாத்தான் என்ற சொல் வராது. அவளுக்கு அது பசாசு. பழைய கத்தோலிக்க வீடுகளில் இன்றும் அந்தச் சொல்தான்.

எனக்குப் பசாசோடு முதல் வழக்கு எட்டு வயதில் வந்தது. ஆச்சி உடன்குடிக் கருப்பட்டியை ஒரு பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பாள். நான் அவிழ்த்துத் தின்றேன். கேட்டபோது தங்கச்சி எடுத்தாள் என்று சொன்னேன். அவளுக்கு அடி விழுந்தது. ஐந்து வயதுப் பிள்ளை, ஏன் அடி வாங்குகிறோம் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு அழுதாள். சில மாதம் கழித்துப் புதுநன்மைக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம். முழங்காலில் நின்று, மனப்பாடம் செய்த மாதிரி சொன்னேன்: "பசாசு தூண்டுனதால கருப்பட்டியத் திருடிட்டேன் சாமி. தங்கச்சி மேல பழியப் போட்டுட்டேன்." தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "பசாச விடு. நீ என்ன செஞ்ச, அத மட்டும் சொல்லு."

திரும்பச் சொன்னேன். பசாசை எடுத்துவிட்டால் வாக்கியம் சின்னதாகிவிடுகிறது. ஆனால் சொல்வதற்கு இன்னும் கஷ்டமாகிவிடுகிறது. அன்றைக்கு நான் அழுதது அந்த இரண்டாவது தடவை சொன்னபோதுதான்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடவேயில்லை. சாத்தான் முதலில் நல்ல தேவதூதனாக இருந்தான், பிறகு கெட்டுப்போனான் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்தார். என்னைத் தூண்டியது அவன் என்றால், அவனைத் தூண்டியது யார்? அவன் விழும்போது பாம்பும் இல்லை, பழமும் இல்லை, அவனுக்கு முன்னால் கெட்டுப்போன ஆளும் இல்லை. "ஆணவம்" என்றார் உபதேசியார். நல்லவனாகப் படைக்கப்பட்டவனுக்கு ஆணவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "பெரிய சாமிகிட்டதான் கேக்கணும்" என்றார். நான் கேட்கவில்லை, பயம்.

வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, இதே கேள்வியை ஒருவர் 900 வருடத்துக்கு முன்பே ஒரு முழு நூலாக எழுதிவிட்டார் என்று. இத்தாலியில் பிறந்து, பிரான்சின் நார்மண்டியில் பெக் மடத்தின் தலைவராக இருந்து, பிற்பாடு காண்டர்பரி பேராயரான ஆன்செல்ம். 1080களில், சாத்தானின் வீழ்ச்சி பற்றி ஓர் ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொள்வதாக எழுதினார். அந்த மாணவன் லேசில் விடுகிற ஆளில்லை. எவரிடம் இருப்பதும் கடவுள் கொடுத்ததுதானே, அப்படியானால் நிலைத்து நிற்கும் உறுதியை அந்தத் தூதனுக்குக் கடவுள் கொடுக்கவில்லை என்றுதானே ஆகிறது, கொடுக்காதவர் மேல்தானே குற்றம் என்று மடக்குகிறான். கடவுள் கொடுத்தார், அவன் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை என்று ஆசிரியர் சொன்னால், ஏன் வாங்கவில்லை என்கிறான். வேறொன்றை விரும்பினான் என்றால், ஏன் விரும்பினான் என்கிறான்.

கடைசியில் ஆசிரியர் சொல்லும் பதில் ஒன்றுதான்: விரும்பினான், அதனால் விரும்பினான். அதற்குப் பின்னால் வேறு காரணம் கிடையாது.

முதலில் வாசித்தபோது ஏமாற்றமாக இருந்தது. இத்தனை பக்கம் நடத்திக்கூட்டி வந்து கையை விரித்துவிட்டாரே என்று பட்டது. இன்று அப்படித் தோன்றவில்லை. காரணம் ஒன்றைச் சொல்லியிருந்தால் குற்றம் அந்தக் காரணத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். அவனைப் பிடித்துத் தள்ளியது ஏதோ ஒன்று என்று ஆனால், அவன் விழுந்தவனாக இருக்கலாம், குற்றவாளியாக இருக்க முடியாது. அதனால்தான் ஆன்செல்ம் பின்னுக்குத் திரும்பி, எது இருந்தால் ஒருவன் தப்புச் செய்யக்கூடியவன் ஆவான் என்று பார்க்கிறார். ஒரு தூதனுக்குச் சுகத்தை விரும்பும் மனம் மட்டும் கொடுத்திருந்தால் அவன் அதைத் தவிர எதையும் விரும்ப முடியாது. அவனை நல்லவன் என்றும் சொல்ல முடியாது, கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. நீதியை விரும்பும் மனம் மட்டும் கொடுத்திருந்தாலும் அதே கதைதான். இரண்டும் இருந்தால்தான் ஒன்றுக்காக மற்றதைக் கைவிட முடியும். இதில் இன்னொன்றும் இருக்கிறது: சாத்தான் விரும்பியதுகூடக் கெட்ட பொருள் இல்லை. நிலைத்து நின்றிருந்தால் அவனுக்கே கிடைத்திருக்கக்கூடிய ஏதோ ஒரு நன்மை. முறைதவறி, நீதியை விட்டு அதை விரும்பினான். பானையிலிருந்த கருப்பட்டியும் கெட்ட பொருள் இல்லையே. கேட்டிருந்தால் ஆச்சி தந்திருப்பாள்.

ஆன்செல்முக்கு முன்னோடி அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே ஊர்க்காரர். 16 வயதில் கூட்டாளிகளோடு ராத்திரியில் போய்ப் பக்கத்துப் பேரி மரத்தை உலுக்கிப் பழத்தையெல்லாம் திருடினார்கள். பசியில்லை. வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. பெரும்பாலானதைப் பன்றிக்கு எறிந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டி, ஆயராக ஆனபிறகு, இதை ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாகத் தோண்டுகிறார். இவர் ஒன்பது வருடம் மானி மதத்தில் இருந்தவர். உலகமே ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் சண்டை, தீமை என்பது தனியொரு சக்தி என்று சொன்ன மதம் அது. அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு, எனக்குள்ளிருந்த இருள்தான் பேரிக்காயைத் திருடியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் அந்த வழியை மூடிவிட்டார். தீமைக்கென்று தனிச் சரக்கு கிடையாது, நன்மை இல்லாத குறையே தீமை என்றார். கெட்ட எண்ணத்துக்குக் காரணம் தேடுவது, இருட்டைக் கண்ணால் பார்க்க நினைப்பது போன்றது என்றும் எழுதினார்.

பைபிளிலேயே இந்த ஆள் மெதுவாகத்தான் உருவாகிறான். எபிரேய மொழியில் சாத்தான் என்றால் எதிர்த்து நிற்பவன், குற்றஞ்சாட்டுபவன். யோபு நூலில் அது பெயரே இல்லை, ஒரு பதவி. கடவுளின் சபையில் வந்து நின்று, உத்தரவு வாங்கிக்கொண்டு யோபுவைச் சோதிக்கப் போகிறான். எண்ணாகமத்தில் பிலேயாமின் கழுதையை மறித்து நிற்கும் கடவுளின் தூதனுக்கே இந்தச் சொல் வருகிறது. ஏதேன் தோட்டத்துக் கதையில் பாம்பு உண்டு, சாத்தான் என்ற சொல் கிடையாது. என்னை ரொம்ப யோசிக்க வைத்தது தாவீது எடுத்த மக்கள்தொகைக் கணக்குதான். சாமுவேலின் இரண்டாம் நூல், 24ஆம் அதிகாரத்தில் கணக்கெடுக்கும்படி தாவீதைத் தூண்டுவது கடவுளின் கோபம். பிற்காலத்தில் எழுதப்பட்ட நாளாகமம் முதல் நூல், 21ஆம் அதிகாரத்தில் அதே சம்பவம், அதே அரசன், ஆனால் தூண்டுவது சாத்தான். இடைப்பட்ட காலத்தில் யாரோ பக்தியுள்ள ஒருவருக்கு, நல்ல கடவுள் இப்படிச் செய்வாரா என்று மனம் உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தல் எனக்குப் புரிகிறது. நானும் அப்படித்தான் மாற்றி எழுதியிருப்பேன்.

நம் மண்ணில் இந்தக் கேள்வி வேறு விதமாகப் போயிற்று. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் திருச்செந்தூர். கந்தசஷ்டிக்குக் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்க நாங்களும் போவோம். அங்கே சூரன் அழிந்துபோவதில்லை. மாமரமாக நின்றவனை வேல் பிளக்க, ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் ஆகி, முருகனுக்கே வாகனமும் கொடியுமாகிறான். காரைக்கால் அம்மையார் பேய் வடிவை வேண்டி வாங்கிக்கொண்டவர். நம் பேய்க்குப் பசி உண்டு, ஆட்டம் உண்டு, கடவுளோடு சமபலத்தில் நிற்கும் பகை கிடையாது. தீமை எப்போது தொடங்கியது என்று கேட்டால், சைவ சித்தாந்தம் தொடக்கமே இல்லை என்கிறது. செம்போடு களிம்பு இருப்பதுபோல ஆணவம் உயிரோடு என்றும் இருக்கிறதாம். உபதேசியாரும் ஆணவம் என்றுதான் சொன்னார். ஆனால் அவருடைய ஆணவத்துக்கு ஒரு நாள், ஒரு நேரம் உண்டு. சைவ சித்தாந்திகளுடையதற்கு இல்லை. அதனால் "முதலில் தூண்டியது யார்" என்ற கேள்வியே இங்கே எழவில்லை.

நம்மிடம் சாத்தன் என்பது நல்ல பழைய ஆள்பெயர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணிமேகலை பாடியவர் சாத்தனார். ஐயனாருக்கும் அந்தப் பெயர் உண்டு. எபிரேயச் சொல்லுக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவில்லை.

இஸ்லாத்தில் இப்லீஸ் ஆதமுக்குப் பணிய மறுத்தவன். நான் நெருப்பு, அவன் மண் என்பது அவன் வாதம். 922இல் பாக்தாதில் கொல்லப்பட்ட சூஃபி ஹல்லாஜ், அவன் மறுத்தது இறைவனைத் தவிர யாருக்கும் பணியமாட்டேன் என்ற காதலால் என்று எழுதினார். கேட்டால் மனம் இளகுகிறது. ஆனாலும் எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. எவ்வளவு பெரிய காதலானாலும், எதிரில் நிற்பவனைப் பார்த்து நீ வெறும் மண் என்று சொல்ல அது உரிமை தராது.

இனி நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். ஊர் பெயர் சேலம். நம் சேலம் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருப்பது. 1692 தொடக்கத்தில் அங்கே சில சிறுமிகளுக்கு வலிப்பு வந்தது, கத்தினார்கள், யாரோ கிள்ளுவதாகவும் கடிப்பதாகவும் அழுதார்கள். சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட சூனியக்காரிகள் செய்கிற வேலை என்று முடிவாயிற்று. நூறு பேருக்கு மேல் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். நீதிமன்ற விசாரணைக்கு உட்பட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாறாங்கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள்.

அந்த நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட சாட்சியம் எப்படிப்பட்டது தெரியுமா? "இந்த அம்மாளின் உருவம் என் படுக்கைக்கு வந்து என்னை அமுக்கியது" என்று சிறுமி சொல்வாள். அந்த அம்மாள் அப்போது தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் பயனில்லை, ஏனென்றால் வந்தது உருவம். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் உருவத்தைச் சாத்தான் எடுக்க முடியாது என்பது நீதிபதிகளின் நம்பிக்கை. சாத்தான் ஒளியின் தூதனாகவே வேடம் போடுவான் என்று பவுல் எழுதியிருக்கும்போது, ஒரு குற்றமற்ற கிழவியின் வேடம் போட மாட்டானா? போதகர்களில் சிலர் இதைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவரான இன்கிரீஸ் மேதர் அந்த அக்டோபரில் எழுத்திலேயே வைத்தார்: ஒரு குற்றமற்றவர் தண்டிக்கப்படுவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துச் சூனியக்காரிகள் தப்பிப்பது மேல் என்று. அதே மாதம் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் அந்த இருபது பேரும் செத்துப்போயிருந்தார்கள்.

ரெபேக்கா நர்ஸுக்கு 71 வயது. ஊரே மதித்த பெண். ஜூரி முதலில் அவர் குற்றமற்றவர் என்றுதான் சொன்னது. சிறுமிகள் அலறினார்கள். இன்னொரு முறை யோசிக்கும்படி ஜூரி திருப்பி அனுப்பப்பட்டது. அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், பதில் வரவில்லை, அந்த மௌனத்தைக் குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். அவருக்குக் காது மந்தம். ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள். சாத்தானோடு உறவு என்று ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். இல்லை என்று கடைசிவரை உண்மை சொன்னவர்கள்தான் செத்தார்கள்.

குற்றஞ்சாட்டிய சிறுமிகளில் முக்கியமானவள் ஆன் பட்னம். அப்போது அவளுக்கு 12 வயது. 1706இல், சபையில் சேர்ந்துகொள்ள விரும்பியபோது, எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள். அவளுடைய மன்னிப்பைப் போதகர் வாசித்தார். குற்றமற்றவர்களைக் குற்றஞ்சாட்டிவிட்டேன், குறிப்பாக ரெபேக்கா நர்ஸையும் அவர் சகோதரிகளையும், அதற்காக மண்ணில் விழுந்து கிடக்கிறேன் என்பது அதன் சாரம். அந்தக் கூட்டத்துச் சிறுமிகளில் ஊரறிய மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஆனால் அதே மன்னிப்பில், அது கோபத்தாலோ பகையாலோ செய்ததில்லை, சாத்தான் என்னை ஏமாற்றிவிட்டான் என்றும் இருக்கிறது.

அந்த இடத்தை வாசித்தபோது எனக்குக் கருப்பட்டிப் பானை ஞாபகம் வந்தது. 14 வருடத்துக்கு முன் யாரைக் காட்டி அந்தப் பெண்களைக் கொன்றார்களோ, அவனையே காட்டி மன்னிப்பும் கேட்கப்படுகிறது. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சின்னப் பிள்ளை, சுற்றியிருந்த பெரியவர்கள் அவள் வாயிலிருந்து எதைக் கேட்க விரும்பினார்களோ அதைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் அவளுக்குக் கிடைத்திருக்கலாம். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல், 1697இல் தன் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். எழுதிக் கொடுத்ததைப் போதகர் வாசித்து முடிக்கும்வரை கோயிலில் எழுந்து நின்றார்.

கிரேக்க மொழியில் சாத்தானுக்கு வழங்கும் சொல்லுக்குப் பொருள், அவதூறு சொல்பவன். பழி போடுகிறவன். நம் திருவிவிலியத்தில் அதைத்தான் அலகை என்று பெயர்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 1692இல் சேலத்தில் சாத்தானின் வேலையைச் செய்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவனைத் தேடிப் போனவர்கள்தான். தங்கச்சியைக் காட்டிக்கொடுத்த எட்டு வயதில் நானும் அந்த வேலையைத்தான் செய்தேன்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் அன்னலீஸ் மிஷேல் என்ற கல்லூரி மாணவிக்கு வலிப்பு நோய் இருந்தது. 1975இலும் 76இலும் 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். 1976 ஜூலை 1 அன்று, எலும்பும் தோலுமாக, பட்டினியிலும் நீரிழப்பிலும் செத்துப்போனாள். வயது 23. பெற்றோரும் இரண்டு குருக்களும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர்கள் என்று 1978இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. பிடித்திருப்பது தானாக இறங்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அங்கே சங்கிலியில் இருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

எங்கள் சித்தி மகள் ஒருத்தி, எனக்கு அக்கா முறை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போயிற்று. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்றாள். பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்றாள். ஒரு ஜெப வீட்டில் கொண்டுபோய் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். நானும் ஒரு நாள் போயிருந்தேன். தலைமுடியைப் பிடித்துக்கொண்டு "நீ யாரு? பேரச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் அவள் ஒரு பெயரைச் சொன்னாள். எங்கள் தெருவில் முந்தின வருடம் செத்துப்போன ஒரு பெண்ணின் பெயர். கூடியிருந்தவர்கள் ஸ்தோத்திரம் என்று சத்தம் போட்டார்கள். நானும் நம்பினேன்.

பிறகு அவள் மாமியார்தான் பிடிவாதமாக நின்று அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனநோய், மருந்து உண்டு என்றார் டாக்டர். சில வாரத்தில் தூங்கினாள். பிள்ளையைக் கேட்டாள். ஏன் அந்தப் பெயரைச் சொன்னாய் என்று ரொம்ப நாள் கழித்து அவளிடம் கேட்டேன். "ஒரு பேரச் சொல்லாம விடமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் ஞாபகத்துக்கு வந்தத சொன்னேன்" என்றாள். சேலத்தில் ஒப்புக்கொண்டு பிழைத்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

நான் கோயிலுக்குப் போகிறவன்தான். இந்த வருடமும் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு "விட்டுவிடுகிறேன்" என்று சொன்னேன். அந்தச் சொல்லை என்னைப் பார்த்து மட்டுமே சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. இன்னொருவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கேட்க உரிமை கிடையாது.

உங்கள் வீட்டில் யாராவது நாள்கணக்கில் தூங்காமல் இருந்தால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், பெற்ற பிள்ளையைக் கண்டு பயந்தால், பெயர் கேட்காதீர்கள். ஜெபியுங்கள், நேர்ந்துகொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம். அதற்கு முன்னால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.